காவலனுக்குப் போர்த்திய பொன்னாடை

மடிக்கணினிக்கு மாலை போட்டு அதன் உயிரை எடுத்த மாநாடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான். அதற்குத் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர் நான். தன்னார்வம் என்றால் சம்பளம் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் என்றால் மைக் கரகரப்பதிலிருந்து சாம்பாரில் உப்பு குறைந்தது வரை எல்லாத் திட்டும் எனக்கே எனக்கு.

செவிக்குரல் என்பது நாங்கள் சேர்ந்து செய்கிற கட்டற்ற மென்பொருள். புயல், வெள்ளம், மின்தடை என்று வருகிற அறிவிப்புகளைப் போனில் வாய்விட்டுச் சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவெடுப்போம். ஓட்டெடுப்பு இல்லை. ஒரே ஒருவர் கை தூக்கி எதிர்த்தாலும் திருத்தம் நின்றுவிடும். கேட்பதற்கு ரொம்ப அழகான விதி. என் விஷயத்தில் இரண்டு வருடமாக அந்த ஒரே ஒருவர் ரகுபதி.

ரகுபதிதான் செவிக்குரலைத் தொடங்கியவர், நங்கநல்லூர்க்காரர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: அறிவிப்பு வானொலித் தமிழில் மட்டும் வராமல், எங்கள் வடசென்னைப் பேச்சிலும் வரவேண்டும். "தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று போன் சொன்னால் எங்கள் எம்.கே.பி. நகர் குடியிருப்பில் ஒருத்தரும் அசையமாட்டார்கள். யாருக்கோ சொல்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

அதற்காக என் அம்மா ராஜாத்தியின் குரலைப் பதிந்தேன். அம்மா பெரம்பூரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிற வேலை பார்க்கிறாள். அவள் "பதினேயு!" என்று கூப்பிட்டால், தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பதினேழாம் டோக்கன், டம்ளரை வைத்துவிட்டு ஓடிவரும். வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தி, வேர்த்து ஊற்ற ஊற்ற மாதக்கணக்கில் பேசிக் கொடுத்தாள். நான் அதைக் கோத்துக் கட்டி அனுப்பினேன். ரகுபதி எதிர்த்து எழுதினார். மறுபடி அனுப்பினேன். மறுபடி அதையே எழுதினார். அது யார் குரல் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அம்மா என்று சொல்லி இரக்கம் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

அம்மாவோ விடாமல் கேட்பாள். "இன்னாடி, என் கொரலு எப்போ போன்ல வரும்?"

"பேசிகினு கீறாங்கம்மா."

"இம்மா நாளா இன்னாத்த பேசறாங்கோ?"

மாநாட்டின் கடைசி அமர்வில் இதை நேருக்கு நேர் பேசித் தீர்ப்பதாக ஏற்பாடு. அன்றும் நின்றுவிட்டால் விதிப்படி அந்தத் திருத்தம் நிரந்தரமாகத் தள்ளுபடி. ரகுபதியை என் பேட்டைக்கே வரவழைத்து முடித்துவிட வேண்டும் என்றுதான் நான் ஒருங்கிணைப்பாளர் வேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இடம் கிடைத்தது சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில். வியாபாரிகள் சங்க மண்டபம், வாடகை இல்லை, மேலே தகரக் கூரை, உள்ளே போனால் போனில் சிக்னல் சுத்தமாகப் போய்விடும். சங்கச் செயலாளர் தேவப்பிரியம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கம்பி மொத்த வியாபாரம். கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று அவருக்கு நான் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எம்மா, இத்தனை பேரும் துட்டு வாங்காமலா வேலை செஞ்சிருக்காவ?"

"ஆமா சார்."

"அப்ப கௌரவப்படுத்தணும்லா. மண்டபம் சும்மாவே தாரேன். ஆனா வேலை செஞ்சவுக ஒருத்தர் பேரும் விட்டுப்போகக் கூடாது. மேடையில ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா பத்து வருசப் பகை, பாத்துக்கிடுங்க."

நான் நெகிழ்ந்துபோனேன். எங்கள் கொள்கையும் அதுதான். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியவராக இருந்தாலும் பங்களித்தவர் பெயரை விடமாட்டோம். நம்மைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் கிடைத்தாரே என்று, உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் நூற்றுச்சொச்சம் பேரின் பட்டியலை அன்றே அச்செடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் செய்ததில்லை.

மாநாட்டன்று காலை ஒரு மினி வேன் வந்து நின்றது. அதிலிருந்து மூட்டை மூட்டையாகப் பொன்னாடைகள் இறங்கின. சங்கத்தில் இருக்கிறவருக்குப் போகிற கூட்டத்திலெல்லாம் பொன்னாடை. வாங்கியதை எல்லாம் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறார் மனிதர். பச்சை, ஊதா, சரிகை போட்டது, பூச்சி அரித்தது, எல்லாம் இருந்தன.

"சார், இவங்க யாரும் இங்க வரல. நார்வேல இருக்காங்க, பிரேசில்ல இருக்காங்க."

"வராட்டா என்ன? அவுக சார்பா ஒருத்தர் வாங்கிக்கிட வேண்டியதுதான். ஊர் வழக்கம் அதானே?"

வாங்கிக்கொள்ள ஆள்? மார்க்கெட்டில் ஆளுக்கா பஞ்சம். கம்பி இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், எடைமேடைக்காரர், டீக்கடைக்காரர் என்று மண்டபம் நிறைந்தது. தேவப்பிரியம் மைக்கைப் பிடித்துப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். பாதிப் பேர் இணையத்தில் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. அவர் அதற்கெல்லாம் அசரவில்லை.

"பாசத்திற்குரிய அண்ணன் பொட்டேட்டோ கிங் அவர்களே! அன்புச் சகோதரர் தூங்குமூஞ்சிப் பூனை அவர்களே!"

ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் மேடையேறினார், கும்பிட்டார், பொன்னாடை வாங்கினார், போட்டோ எடுத்துக்கொண்டார். கைதட்டல் வேறு. முதல் உரை போயிற்று, இரண்டாவது உரை போயிற்று. பெங்களூரிலிருந்து பேச வந்திருந்தவர் தன் முறைக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஜெர்மனிக்காரர் ஒருவர் சார்பாகப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

குணசேகரன் என்ற லோடுமேன் நார்வேக்காரருக்காக வாங்கினார். இறங்கி வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நம்மாளு இன்னா செஞ்சாரு?"

"ஒரு எழுத்துப் பிழைய திருத்துனாருண்ணா."

"ஒன்னே ஒன்னா?"

"ஒன்னே ஒன்னு."

"அத்த கண்டுபுட்ச்சாரு பாரு, அதான் மேட்டரு." பொன்னாடையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதன்பிறகு அவர் நடையே மாறிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் "நார்வே இங்க குந்தும்" என்று முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்தார். பிரேசில் தள்ளி உட்காரமாட்டேன் என்றது. இருவருக்கும் நடுவில் அப்பளத்தை வைத்து நான் சமாதானம் செய்தேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பந்திக்கு முன்னால்தான் அந்த விபரீதம் நடந்தது. முக்கியமானவரைக் கடைசியில் கூப்பிடுவது மேடை மரபாம். அதனால் பட்டியலின் முதல் பெயரைக் கடைசியாக வைத்திருந்தார் தேவப்பிரியம்.

"இத்தனை பேரையும் விட அதிகமாகப் பாடுபட்ட, இரவு பகல் பாராமல் உழைத்த, தோழர் காவலன் அவர்களே!"

நான் ஓடினேன். "சார், காவலன் ஆளே இல்ல சார். அது ஒரு நிரல். தானா ஓடுற சமாச்சாரம். யார் என்ன அனுப்பினாலும் சோதிச்சுப் பாக்கும். அதிக தடவ வேல செஞ்சது அதுதான், அதனாலதான் பட்டியல்ல முதல்ல வருது."

"மெஷினா?"

"மெஷின் மாதிரிதான்."

"மெஷின்னா மாலைல்லா போடணும். இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று என்னையே கடிந்துகொண்டார். "எங்க கடையில ஆயுத பூசைக்குக் கிரேனுக்கு மாலை போடுதோம். நான் கிறிஸ்தவன்தான். கிரேன் கிறிஸ்தவன் இல்லையே? காவலன் எந்தப் பெட்டியில இருக்காரு?"

காவலன் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது; ஆனால் கடைசி அமர்வில் காட்டுவதற்காக ஒரு நகலை என் மடிக்கணினியில் ஓடவிட்டிருந்தேன். அதே கணினியில்தான் அம்மாவின் குரலும் இருந்தது. இதையெல்லாம் விளக்க வாயைத் திறப்பதற்குள் என் கண் தன்னிச்சையாக மேடை மேஜையைப் பார்த்துவிட்டது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மேடை விருந்தினருக்கென்று ராயபுரத்திலிருந்து வந்த ரோஜா மாலை. வாடாமல் இருக்கத் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்திருந்தார்கள். திரைக்குக் குறுக்கே போட்டு, விசைப்பலகையில் சொட்டச் சொட்டத் தழையவிட்டு, கைகூப்பினார். லோடுமேன்கள் விசிலடித்தார்கள். நான் போய் மாலையைத் தூக்குவதற்குள் திரை ஒருமுறை பச்சையாகி, கோடு கோடாகி, இருண்டுபோனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

"பரவாயில்ல, பெரியவரு ரெஸ்ட் எடுக்காரு" என்றார் தேவப்பிரியம். "அவரு சார்பா பொன்னாடையும் ஒன்னு போட்டுருவோம். வாங்குறதுக்கு யாரு இருக்கா?"

எல்லோரும் ஏற்கெனவே யாரோ ஒருவராகிவிட்டிருந்தார்கள். முதல் வரிசையில் கிளினிக்குக்கு லீவு போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த அம்மா எழுந்தாள். மேடைக்குப் போகிற வழியில் என் பக்கம் குனிந்தாள்.

"அவரு இன்னா வேல செய்வாரு? கேட்டா சொல்லணுமில்ல?"

நான் எரிச்சலில் இருந்தேன். "யார் எத அனுப்பினாலும் ஓட்டிப் பாப்பான். தேறுனாதான் ஓகே சொல்லுவான். பெரியவன் சின்னவன்னு மொகம் பாக்கமாட்டான்."

"சொந்தக்காரங்கன்னாலும்?"

"எவனா இருந்தாலும்மா."

"நல்ல மன்சன்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போய் ஊதாப் பொன்னாடையை வாங்கிக்கொண்டாள்.

பந்தி முடிந்து கடைசி அமர்வு தொடங்கியபோது என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. குரல் கோப்பு பெரியது. வேறு கணினியில் இறக்கலாமென்றால் மண்டபத்துக்கு வெளியேயும் சிக்னல் அரைகுறைதான். வெறும் வாயை வைத்துக்கொண்டு ரகுபதியோடு மல்லுக்கட்ட வேண்டும். அவர் மேடைக்கு வந்து, எதிரே பொன்னாடைகளோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"இவங்க எல்லாரும் ஏன் இன்னும் இருக்காங்க?"

"சார்பாளருங்க சார்" என்றார் குணசேகரன். "நார்வேக்காரருக்கு ஒரு கருத்து கீது."

வர முடியாதவர்கள் சார்பாக ஒருவர் கருத்துச் சொல்லலாம் என்று விதியில் இருக்கிறது. எழுதியவர் ரகுபதி. விதியை மீறுவது அவரால் முடியாத காரியம். முகம் சுண்டிப்போய், "சரி, சொல்லுங்க" என்றார்.

"நம்ம பேச்சு போன்ல வரணும்ன்றாரு நார்வே. நல்லா கீதாம்."

பிரேசில் ஆமோதித்தது. பொட்டேட்டோ கிங்கும் ஆமோதித்தார். உலகமே என் பக்கம் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, தைரியமும் வந்தது. ரகுபதி ஒருவர்தானே, இத்தனை பேர் முன்னால் கை தூக்க யோசிப்பார் என்று நினைத்தேன்.

"எதிர்ப்பு உள்ளவர்கள் கை தூக்கலாம்" என்று சொல்லி ரகுபதி தன் கையைத் தூக்கினார். யோசிக்கவே இல்லை. அவருக்கு எதிரே, முதல் வரிசையில், ஊதாப் பொன்னாடைக்குள்ளிருந்து இன்னொரு கையும் உயர்ந்தது.

"அம்மா!" என்று கத்திவிட்டேன். மைக் ஆன் ஆகியிருந்தது.

"நான் இங்க உன் அம்மா இல்ல" என்றாள் அம்மா. "காவலன் சார்பா வந்துகீறேன். அவரு ஓட்டிப் பாக்காம ஓகே சொல்லமாட்டாரு. மொதல்ல ஓட்டிக் காட்டு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொன்னாடையைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். ரகுபதிக்கோ முகம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து அவர் கேட்ட முதல் ஒழுங்கான வார்த்தை அதுதான்.

"கரெக்ட். இதான் முறை. சோதனையில தேறினா என் எதிர்ப்பையும் வாபஸ் வாங்கிக்கிறேன். ஓட்டிக் காட்டுங்க எழில்மொழி."

"எதுல சார் ஓட்டுறது? மாலை போட்டு அடக்கம் பண்ணியாச்சே."

தேவப்பிரியம் தரையைப் பார்த்தார். ரகுபதி வருத்தப்படுவது போலத் தலையை ஆட்டினார். அப்போது அம்மா மேடையேறி, மைக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"அதுல பேசறதே என் கொரலுதான். பொட்டி போனா இன்னா, நான் கீறேன் இல்ல? நீ சொல்லு நைனா, நான் சொல்றேன்."

ரகுபதி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒரு மனுஷியை மென்பொருளாக வைத்துச் சோதிக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தார்.

"வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றுள்ளது. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்."

"பொயல் வந்துகினு கீது!" மண்டபத்தின் தகரம் அதிர்ந்தது. "யாரும் கடலாண்ட போவாத. போட்ட இஸ்து கட்டிட்டு வூட்ல குந்து. இன்னா பாக்கற? போவாதன்னா போவாத!"

வாசல் பக்கம் பீடி பிடிக்க எழுந்த இரண்டு பேர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். ரகுபதி எழுதினார்: "பொருள் சரி. கூடுதலாகப் பயனரைத் திட்டுகிறது."

"பராமரிப்புப் பணிகள் காரணமாக நாளை காலை மின்விநியோகம் நிறுத்தப்படும்."

"நாளிக்குக் காலீல கரண்டு கட்டு. இப்பவே மோட்டாரப் போட்டு தண்ணி புட்ச்சி வெச்சிக்கோ. அப்பால வந்து பேஜாரு பண்ணாத, சொல்லிட்டேன்."

"மறுபடி திட்டுகிறது" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ஆனால் உதட்டோரம் லேசாகச் சிரித்தார், நான் பார்த்தேன்.

"கடைசியா ஒன்னு. கொஞ்சம் கஷ்டமான வாக்கியம்." கண்ணை மூடி யோசித்தார். கஷ்டமான வாக்கியம் என்றதும் அவருக்கு நாக்கில் தயாராக வந்தது எதுவென்றால், இரண்டு வருடமாக எனக்கு எழுதி எழுதி மனப்பாடம் ஆனதுதான். "இக்குரலின் உச்சரிப்பு தரமானதன்று. பொது அறிவிப்புகளின் கண்ணியத்திற்குப் பொருந்தாது. எனவே ஏற்க இயலாது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வார்த்தைகளை அம்மா காதில் போடாமல் இருக்கத்தான் இத்தனை நாளும் "பேசிகினு கீறாங்க" என்று சொல்லி வந்தேன்.

அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பொம்பள பேசற பேச்சு ஒயுங்கா இல்ல. நாலு பேரு கேக்கற எடத்துல இத்தப் போட்டா மரியாதியா இருக்காது. அதனால வேணா."

அதோடு நிறுத்திவிட்டாள். அதற்கு மட்டும் திட்டு வரவில்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சரியா வந்துச்சா நைனா?" என்று கேட்டாள்.

ரகுபதி பேனாவை மூடினார். "சரியா வந்துச்சும்மா" என்றார். பிறகு இன்னும் மெல்ல, "என் எதிர்ப்பு வாபஸ்" என்றார்.

"அப்ப காவலனும் ஓகே சொல்லிட்டாரு" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடை ஓரத்தில் நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒருங்கிணைப்பாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அழுதேன். நார்வே விசிலடித்தது. அந்தக் களேபரத்தில் தேவப்பிரியம் எங்கிருந்தோ ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து ரகுபதிக்குப் போர்த்திவிட்டார். அவர் அதை மாலை வரை எடுக்கவே இல்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா ஊதாப் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எதுக்கும்மா கை தூக்குன? எனக்கு உயிரே போயிடுச்சு."

"நான் சும்மா ஓகே சொல்லிருந்தா, பொண்ணுக்காவ சொல்லிட்டான்னு பேச்சு வரும். காவலன் பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்ததும்தான் சிக்னல் சரியாக வந்தது. போன் வரிசையாக அதிர்ந்தது. ரகுபதி சொன்னபடி திருத்தத்தைச் சேர்த்துவிட்டிருந்தார். கூடவே ஒரு குறைபாட்டையும் பதிந்திருந்தார்: "புதிய குரல் பயனரைத் திட்டுகிறது." அதற்குக் கீழே அவரே எழுதியிருந்தார்: "சரிசெய்ய வேண்டாம்." அதற்கும் கீழே காவலனிடமிருந்து வந்த செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எல்லாச் சோதனைகளும் தேறின. உங்கள் பங்களிப்புக்கு மிக்க நன்றி."

அம்மா மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பொன்னாடையை என் மடியில் வைத்தாள்.

"மரியாதி தெரிஞ்சவரு. இது அவருது, பத்திரமா சேத்துடு. நானும் நன்றி சொன்னேன்னு சொல்லு."

எல்லோருக்கும் அதே வரியைத்தான் அது அனுப்பும் என்பதை நான் சொல்லவில்லை. "அம்மாவும் நன்றி சொன்னாங்க" என்று காவலனுக்குப் பதில் எழுதி அனுப்பினேன்.